வெர்னா கைநீட்டி வாங்கிய புகையிலை

பதினொன்றாம் எண் பேருந்தை வெர்னா ஆர்கண்ட் இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிறாள். ஆற்றுப் பாலம் ஏறி, நகர்மன்றத்தைச் சுற்றிக்கொண்டு, கனடாவின் பூர்வகுடிகளான க்ரீ குடும்பங்கள் நிறைந்த மேற்குத் தெருக்கள் வழியாகத் திரும்பும் தடம் அது. நகர்மன்ற வாசலில், பூர்வகுடிகளோடு அரசு செய்த பழைய ஒப்பந்தத்தின் கொடி ஏறியதையும், பூர்வகுடி மக்களின் உரிமையை மதிப்போம் என்று உறுதிமொழிப் பலகை பதித்ததையும் அவள் ஓட்டுநர் இருக்கையிலிருந்துதான் பார்த்தாள். இரண்டு நாளும் மேயருக்குப் பக்கத்தில், க்ரீ பெண்கள் விழாவுக்குக் கட்டும் ரிப்பன் பாவாடை கட்டி நின்றவள் அவளுடைய தங்கை லொரெய்ன்.

தங்கை என்றால் சித்தி மகள். நம்மைப் போலத்தான், அவர்களுக்கும் சித்தி மகள் கூடப்பிறந்தவள்தான்.

வெர்னாவை ஏழு வயதில், அரசாங்கம் பூர்வகுடிப் பிள்ளைகளைப் பிடித்து அடைத்த விடுதிப் பள்ளிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே க்ரீ பேசியதற்காகச் சோப்புக் கட்டியைக் கடிக்கவைத்தார்கள். கடித்தாள், ஆனால் மொழியை விடவில்லை. லொரெய்னின் அம்மா அதற்கு முன்பே நகரத்துக்கு ஓடிவந்து, மகளை ஆங்கிலத்திலேயே வளர்த்துத் தப்பவைத்துவிட்டாள். லொரெய்ன் நாற்பது வயதுக்கு மேல் மாலை வகுப்பில் சேர்ந்து க்ரீ படித்தாள். இப்போது, பூர்வகுடிகளோடு உறவைச் சீர்செய்ய நகராட்சி வைத்த நல்லிணக்கக் குழுவில் இருக்கிறாள். எந்த விழாவானாலும் முதல் பிரார்த்தனை அவளுடையது. அடி வாங்கியவள் ஒருத்தி, மாலை வாங்குகிறவள் ஒருத்தி என்று வெர்னா மனதுக்குள் சொல்லிக்கொள்வாள்.

‘எனக்கும் தெரியும், நான் பேசுகிறேன்’ என்று தானாகப் போய் நிற்கவும் முடியாது. க்ரீ வழக்கப்படி, துணியில் முடிந்த புகையிலையைக் கையில் கொடுத்து யாராவது கேட்க வேண்டும். கேட்காமல் முன்னால் போகிறவளுக்கு மரியாதை இல்லை. கையில் வாங்கிவிட்டாலோ பிறகு மறுக்க முடியாது. வெர்னாவிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.

பணிமனையில் காபி குடிக்கும்போது வில்ஃப்ரெட் வருவான். மாமன் மகன், முறைக்காரன். கேலி செய்யாவிட்டால்தான் தவறு.

“என்ன அத்த மவளே, தங்கச்சி படம் பேப்பர்ல வந்திருக்காமே, பாத்தியா?”

“பாத்தேன். அதுலதான் மீனச் சுத்தி வச்சேன்.”

“மொகம் நல்லா பளபளன்னு இருக்கு.”

“இருக்கும். சோப்பு திங்காத வாயில்ல.”

வில்ஃப்ரெட் சிரித்தான். வெர்னாவும் சிரித்தாள்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை ஒரு தெருவுக்குப் பெயர் மாற்றுவதாக இருந்தது. குழந்தைகளைப் பிடித்துப் போக உத்தரவு போட்ட அதிகாரியின் பெயர் நூறு வருடமாக அதில் தொங்கியது. இனி அது கீவேத்தின் தெரு. க்ரீயில் வடகாற்று என்று பொருள்.

செவ்வாய்க்கிழமை நல்லிணக்க அலுவலகத்தில் வேலை பார்க்கும் டார்சி அவள் பேருந்தில் ஏறினான். கையில் சிவப்புத் துணி முடிப்பு.

“பெரியம்மா, ரெண்டு தடவ போயிட்டேன், லொரெய்ன் சின்னம்மா வீட்ல இல்ல. வெள்ளிக்கெழம அவங்கதான் பேசணும். நீங்க அக்காதான, கொஞ்சம் குடுத்துடுறீங்களா? எனக்கு இன்னும் நாலு கூட்டம் இருக்கு.”

இதை ஆள் வைத்துக் கொடுக்கக் கூடாது. வீட்டுப் படியில் காத்திருந்து, நேரில் கேட்டுக் கொடுக்க வேண்டும். அது வெர்னாவுக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

புதன்கிழமை கொடுக்கவில்லை. வியாழக்கிழமை லொரெய்னே தொலைபேசியில் வந்தாள்.

“அக்கா, நகராட்சிக்காரங்க இந்தத் தடவ என்னக் கேக்கல. வேற யாரையோ கேட்டிருக்காங்க போல.”

“இருக்கும். எப்பவும் ஒருத்தியவேவா கேப்பாங்க?”

சொல்லிவிட்டு வெர்னா தன் மதிய உணவு டப்பாவைப் பார்த்தாள். முடிப்பு அதற்குள்தான் இருந்தது. திருடியதில்லை, கையில் கொடுத்ததுதான் என்று தனக்கே வாதாடினாள். அந்த வாதம் வீட்டுக்கதவு வரைகூட வரவில்லை.

வெள்ளிக்கிழமை தெருமுனையில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மேயர் உறுதிமொழியை வாசித்தார். பிறகு டார்சி ஒலிபெருக்கியில் லொரெய்னின் பெயரைச் சொன்னான். லொரெய்ன் எழுந்திருக்கவில்லை. புகையிலை வராமல் அவள் எப்படி எழுவாள்? டார்சி மறுபடி கூப்பிட்டான். கூட்டம் திரும்பிப் பார்த்தது. லொரெய்னின் முகம் கழுத்துவரை சிவந்தது.

அந்த முகத்தை வெர்னாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கடைசி வரிசையிலிருந்து போய், முடிப்பைத் தங்கையின் மடியருகே நீட்டினாள்.

“இது எப்ப வந்துச்சு?” லொரெய்ன் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“செவ்வாக்கெழம.”

லொரெய்ன் அதைத் தொடவில்லை. “நேத்து போன்ல பேசுனப்ப இது உங்கிட்டதான் இருந்துச்சு.”

“ஆமா.”

“அப்ப நீயே போ. வாங்குனவதான் பேசணும். ஆசப்பட்டில்ல?”

வெர்னா ஒலிபெருக்கி முன்னால் நின்றாள். இத்தனை வருடம் மனதில் ஒத்திகை பார்த்த பிரார்த்தனை ஒன்றும் வாயில் வரவில்லை. வந்ததைக் க்ரீயில் சொன்னாள்.

“இந்தப் பொகையில எனக்கு வந்ததில்ல. என் தங்கச்சிக்கு வந்தது. நான் மூணு நாளா சாப்பாட்டு டப்பாக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தேன். வயித்தெரிச்சல். வேற காரணம் இல்ல. எங்கள லாரில ஏத்திட்டுப் போன அன்னிக்கும் வடகாத்துதான் அடிச்சுது. இந்தத் தெருவுல இருக்கற புள்ளைங்க சாயங்காலமானா வீட்டுக்குத் திரும்பி வரட்டும். அவ்ளோதான்.”

மேயர் நெஞ்சில் கைவைத்துத் தலைகுனிந்து நின்றார். அதிகாரிகள் கண்மூடிக் கேட்டார்கள். மொழி தெரிந்த ஏழெட்டுப் பேர் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வில்ஃப்ரெட் தொப்பியால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினான். பிறகு எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். லொரெய்னுக்கு இப்படிக் கைதட்டியதை வெர்னா பார்த்ததில்லை.

டார்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தான். “எனக்கு ஒண்ணும் புரியல பெரியம்மா. ஆனா ஒடம்பு சிலிர்த்துப் போச்சு. அடுத்த மாசம் நூலகத் தெறப்பு இருக்கு. அதுக்கும் நீங்கதான் வரணும்.”

லொரெய்ன் பக்கத்தில்தான் நின்றாள். அவளுக்கு எல்லாமே புரிந்திருந்தது. உதட்டை உள்ளே மடித்து, மேயரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேருந்துக் கண்ணாடியில் வெர்னா தினமும் பார்த்த தன் முகம்தான் அது, ஆள்தான் வேறு.

‘தங்கச்சியக் கேளு’ என்று சொல்ல வேண்டிய இடம் அது. வெர்னாவுக்குத் தெரியாமல் இல்லை. தங்கையின் முகத்தைப் பார்த்து இரக்கம் முதலில் வந்திருக்க வேண்டும். அது சந்தோஷத்துக்குப் பின்னால், இரண்டாவதாகத்தான் வந்தது.

“கேக்கறதுன்னா எங்கிட்டயே நேரா கொண்டாந்து கேக்கணும். யாருகிட்டயும் குடுத்து விடக் கூடாது,” என்றாள் டார்சியிடம். பிறகு, லொரெய்ன் இருந்த பக்கம் திரும்பாமல், “எத்தனையாந் தேதி?” என்று கேட்டாள்.