அக்காவுக்கு வந்த அட்டை

தாராதலா சந்திப்பைத் தாண்டும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை. தோளில் ஒரு பை. பைக்குள் வேதாகமம், இரண்டு சட்டை. பெஹாலாவில் படுக்கையில் கிடந்த என் அக்காவை விட்டுவிட்டுக் கிடர்பூர் துறைமுகத்துப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். ஆண்டவருக்காக எல்லாவற்றையும் துறந்து போகிறான் என்று சபை நம்பியது. பொய்! அவர் பெயரைச் சொல்லித் தப்பித்துப் போனேன்.

மூன்று வருஷமாகிறது. யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்வதும் மன்னிப்புக் கேட்டு அல்ல.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். சூரத்தில் தறி, கோவாவில் ஓட்டல், விசாகப்பட்டினத்தில் மீன் ஏற்றுகிற வேலை... எங்கேயும் ஆறு மாதம் தங்கியதில்லை. பசித்தால் வேலை தேடினேன். அலுத்தால் ரயில் ஏறினேன். அப்படித்தான் வங்காளத்தில் இருந்த எஸ்தர் அக்கா வீட்டுக்கும் வந்தேன். அத்தான் இறந்து சில மாதம் ஆகியிருந்தது. நான் வந்த கொஞ்ச நாளில் அவளுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுதும் விழுந்துவிட்டது. பிள்ளைகள் இல்லை. நான் இருந்தேன்.

நான்கு வருஷம் இருந்தேன். காலை ஏழு மணிக்கு அவள் அக்குளில் கை கொடுத்து, என் முழங்காலை அவள் முழங்காலுக்கு முட்டுக்கொடுத்துத் தூக்கி, சக்கர நாற்காலியில் உட்காரவைப்பேன்.

“மெதுவால! நான் என்ன மீன் கூடையா?” என்று சிரிப்பாள். பாதி முகம்தான் சிரிக்கும்.

அவளை வெறுத்தேனா? இல்லை... அந்த அறையை வெறுத்தேன். டெட்டால் வாடையை, ஒரே ஜன்னலை, நாளைக்கும் இதுதான் என்பதை.

எங்கள் தமிழ்ச் சபை கரியாஹாட்டில் ஒரு வாடகை மாடியில் கூடும். வங்கி அதிகாரிகள் சிலர், ஐ.டி. பிள்ளைகள் பலர். புத்தாண்டுக் காலை ஆராதனை முடிந்ததும் ஒரு தட்டில் வசன அட்டைகளைக் கவிழ்த்து வைப்பார்கள். ஜெபித்துவிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். அந்த வருஷத்துக்கு ஆண்டவர் உங்களுக்குச் சொல்லும் வார்த்தை அதுதான். எங்கள் போதகர் ஆசீர்வாதங்களோடு கண்டிப்பான வசனங்களையும் கலந்துவிடுவார். எடுத்ததை யாரும் மாற்றுவதில்லை.

நான் இரண்டு எடுத்தேன். முதலாவது எனக்கு. அடுத்தது, வர முடியாத அக்காவுக்கு.

எனக்கு வந்தது, தன் வீட்டாரைக் கவனிக்காதவன் விசுவாசமே இல்லாதவனைவிட மோசம் என்கிற வசனம். அக்காவுக்கு வந்தது, சொந்த ஊரையும் இனத்தையும் விட்டுப் புறப்படச் சொல்லும் வசனம்.

எழுந்து நிற்க முடியாதவளுக்குப் புறப்படு என்று! பேருந்தில் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். அட்டையில் யார் பெயரும் இல்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது இரண்டையும் மாற்றிவிட்டேன்.

அக்கா தன்னுடையதை இடது கையில் பிடித்துப் படித்தாள். “என்னல இது? என்னையே ஒருத்தன் தூக்கினாத்தான் உண்டு. நான் யாரக் கவனிக்க?” பிறகு என்னுடையதை வாங்கிப் படித்தாள்.

அடுத்த ஞாயிறு சபையில் எழுந்து சாட்சி சொன்னேன். அக்கா மேல் நான் வைத்த பற்று ஆண்டவருக்கும் எனக்கும் நடுவில் நிற்கிறது. அதை விட்டுவிட்டுச் சுந்தரவனத்துக் கிராமங்களுக்கு ஊழியத்துக்குப் போகிறேன் என்றேன். இல்லாத பற்றைத் துறந்தேன்! ஸ்தோத்திரம் என்று கூரை அதிரச் சொன்னார்கள்.

“செம சாட்சி, பிரதர்! என்னால ஒரு நாள் போனையே விட முடியல” என்றான் ஓர் ஐ.டி. பையன்.

ஒரு வங்கி அதிகாரியின் மனைவி மட்டும், “அக்காவ யாரு தம்பி பாத்துப்பாங்க?” என்று கேட்டார்.

“கர்த்தர் பாத்துக்குவார்மா. நாமளும் முறை போட்டுப் போவோம்” என்றார் போதகர். என் தலையில் கைவைத்து ஜெபித்தார். அந்தக் கைகளின் கீழ் என்ன நினைத்தேன் தெரியுமா? எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று.

அக்கா அழுவாள், அதைச் சாக்காக வைத்துச் சண்டை போட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் வீட்டுக்கு வந்தேன். ஊழியத்துக்குப் போவதைச் சொன்னேன். அவள் அழவில்லை.

“எனக்கு வந்த அட்டை இப்பத்தாம்ல புரியுது. உன்னப் பிடிச்சு வச்சிருந்தது நான்தான். ஆண்டவரு உன்னக் கேக்காரு, நான் எனக்கு வேணும் எனக்கு வேணும்னு கெடந்திருக்கேன். போ. இங்கருந்து ஜெபத்துல உன்னக் கவனிச்சுக்கிடுதேன்.”

நன்றாக நினைத்துப் பாருங்கள்... நான் மாற்றிக் கொடுத்த அட்டையை நம்பி, தனக்கிருந்த ஒரே ஆளை அவள் ஆண்டவருக்குக் கொடுத்தாள். அந்த வீட்டில் அவரை முதலில் வைத்தவள் அவள். நான் வைத்தது என்னை.

கீழ் வீட்டு வங்காளி அம்மா படிக்கட்டில் மறித்தாள். அக்காவை யார் பார்ப்பது என்றாள். மேலே கையைக் காட்டினேன். “பொகொபான் எஷே பெட்பேன் தேபே?” என்றாள். கடவுள் வந்து பெட்பேன் வைப்பாரா என்று! அவளை விலக்கிக்கொண்டு இறங்கினேன்.

சுந்தரவனத்துக்கு ரயில் எந்த நிலையத்திலிருந்து கிளம்பும் என்றுகூட நான் விசாரித்திருக்கவில்லை. கிடர்பூரில் லாரிகளுக்குப் பக்கத்தில் படுத்தேன். விடியற்காலையில் மூட்டை தூக்க ஆள் வேண்டாம் என்றார்கள். டீக்கடைக்காரன் பக்கத்துத் தெருவைக் காட்டினான். வீடுகளில் கிடக்கும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் ஆயா சென்டர் ஒன்று அங்கே இருந்தது. நோயாளியைத் தூக்கத் தெரியுமா என்று இந்தியில் கேட்டார்கள். தெரியும் என்றேன். உடனே ஒரு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மூன்றாம் மாடி. பக்கவாதத்தில் விழுந்த ஒரு பெரியவர். அக்குளில் கை கொடுத்து, முழங்காலை முட்டுக்கொடுத்து, ஒரே மூச்சில் தூக்கினேன்.

அவருடைய மகள் வியந்துபோய், “எங்கே கற்றுக்கொண்டாய்? உன் வீட்டில் யாராவது இப்படி இருக்கிறார்களா?” என்று கேட்டாள்.

“கோயி நஹி” என்றேன். யாரும் இல்லை.

சுவர்க் கடிகாரத்தில் மணி ஏழு. பெரியவர் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினார்.