காயில்காரரின் கோழிப்பெட்டி

காயில்காரர் தன் தங்கைக்குப் பன்னிரண்டு கோழிக்குஞ்சுகள் கடன்பட்டிருந்தார். வேறு கடன் அவருக்கு இல்லை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, ஒருவரிடமும் சல்லிக்காசு கைநீட்டாமல் பட்டறையும் வீடும் கட்டியவர். இந்த ஒரு கடன் மட்டும் வந்து சேர்ந்ததற்குக் காரணம், முட்டை பொரிக்க அவரே செய்த பெட்டியின் மூடியைத் திறந்து திறந்து பார்க்கிற வியாதி.

எரிந்துபோன மோட்டார்களுக்கும் மின்விசிறிகளுக்கும் காயில் கட்டுவது அவர் தொழில். வீட்டின் முன்னறைதான் பட்டறை. மேசையின் ஒரு கோடியில், செம்புக் கம்பிச் சுருள்களுக்குப் பக்கத்தில், அந்தப் பெட்டி இருக்கிறது. மீன் வந்த தெர்மாகோல் பெட்டி. இரண்டு பல்பு, யாரோ தூக்கிப் போட்ட கம்ப்யூட்டரின் குட்டி விசிறி, சூடு ஏறினால் பல்பை அணைக்கிற ஒரு கருவி, ஒரு கிண்ணம் தண்ணீர். மூடியில் புகைப்படச் சட்டத்துக் கண்ணாடி. "கடையில விக்கிற பெட்டிக்குப் பேரு இன்குபேட்டர். இதுக்குப் பேரு நான்" என்பார்.

பம்பு எரிந்துவிட்டதென்று ஓடி வருகிறவன் முதலில் முட்டை பார்த்தாக வேண்டும். மூடியைத் திறந்து, ஒரு முட்டையை எடுத்து, செல்போன் வெளிச்சத்தில் பிடிப்பார். "சிலந்தி மாதிரி தெரியுதே, அது நரம்பு." வந்தவன், "அண்ணே, மோட்டார் எப்பக் கிடைக்கும்? வீட்டுல தண்ணி இல்ல" என்பான். "ஒரு உயிரைக் கண்ணுல காட்டுறேன், இவன் தண்ணிக்கு அழுவுறான்" என்று சலித்துக்கொள்வார்.

போன தடவை தங்கை கொடுத்த பன்னிரண்டு முட்டையும் அப்படிக் காட்டித்தான் கெட்டது. குஞ்சுகள் உள்ளிருந்து ஓட்டைக் கொத்தத் தொடங்கிய நாளில், தெருவில் போனவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். திறக்கத் திறக்கப் பெட்டிக்குள் இருந்த ஈரக்காற்று வெளியேறியது. ஓட்டுக்கு அடியில் இருக்கும் தோல் காய்ந்து, குஞ்சுகளின் மேல் காகிதம்போல் ஒட்டிக்கொண்டது. திரும்பக்கூட முடியாமல் அத்தனையும் உள்ளேயே செத்துப்போயின. தங்கை அவற்றைத் துணியில் அள்ளிக்கொண்டு போனாள். திட்டியிருந்தால் அவர் பதில் சொல்லித் தேறியிருப்பார்.

அவள் பின்தெருவில் தையல்காரி. அவளிடம் இருந்தது ஒரே ஒரு சாம்பல் நிறக் கோழி. தையல் மெஷினுக்குக் கீழே, வெட்டுத்துணிக் கூடைக்குள்தான் முட்டையிடும். போன மாதம் அதை நாய் கவ்விக்கொண்டு போய்விட்டது. கூடையில் ஒன்பது முட்டைகள் மிஞ்சின. அடைக்கு வைக்க வேறு கோழி இல்லை. அண்ணனை விட்டால் வேறு வழியும் இல்லை. "இதுவும் போச்சுன்னா அதோட வம்சமே போச்சுண்ணே. மூடியில கை வச்ச, கத்தரியோட வருவேன்."

அவரும் வீம்புக்காரர்தான். முட்டையின் ஒரு பக்கம் பென்சிலால் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டு, புரட்டுகிற நேரத்தில் மட்டும் திறந்து, சட்டென்று மூடினார். மற்ற நேரமெல்லாம் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு உள்ளே வைத்திருந்த வெப்பமானியைப் பார்த்தபடி இருந்தார். "இத்தனை வருஷத்துல எனக்கு வேர்க்குதா குளிருதான்னு ஒரு நாள் கேட்டிருப்பாரா? இந்தப் பெட்டிக்கு மட்டும் நிமிஷத்துக்கு ஒரு தடவை காய்ச்சல் பார்க்கிறாரு" என்றாள் மனைவி. கடைசி நாட்களில் புரட்டுவதையும் நிறுத்தி, கிண்ணத்தை நிரப்பி, மூடியை அடைத்துவிட்டார். திறக்க வழியில்லாத கை வேலையில் இறங்கியதில், வாடிக்கையாளர்களுக்கு மோட்டார் சொன்ன தேதிக்கு முன்பே கிடைத்தது.

ஒருநாள் காலை ஒரு முட்டையில் நட்சத்திரம்போல் விரிசல் விட்டது. தங்கை கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக்கூட எடுக்காமல் ஓடி வந்தாள். இருவரும் பெட்டிக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தார்கள். ஓட்டில் சின்னதாக ஒரு துளை. அதற்குள் அலகு நுனி. ஒரு கொத்து, அப்புறம் ஓய்வு. மதியம் சாய்ந்தும் துளை பெரிதாகவில்லை. மற்ற முட்டைகளிலும் அங்கங்கே விரிசல் விழுந்திருந்தது.

"செத்துருச்சாண்ணே?"

"மூச்சு வாங்குது. ஓட்டை உடைக்கிறது லேசா? என்னை எவன் உடைச்சு வெளிய எடுத்தான்? நானாத்தான் வந்தேன்."

"வந்த நாளா அதையேதான் சொல்லிட்டிருக்கீங்க" என்று உள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது.

அலகு அசையாமல் நின்றது. தங்கைக்குப் பொறுக்கவில்லை. "ஒரே ஒரு சில்லு. நகத்தால கிள்ளிவிட்டுட்டு மூடிடறேன்." அவள் கை மூடிக்குப் போனது. அவர் கையும் அதற்குள் பாதி தூரம் போயிருந்தது. ஆனால் அது மூடியைத் தொடவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"வேணாம்மா. இதுக்காகத் திறந்தா மத்ததெல்லாம் காய்ஞ்சிரும்."

"விடுண்ணே."

"உன் கையை நான் பிடிச்சுக்கறேன். என் கையை நீ பிடிச்சுக்க. எனக்கே என் மேல நம்பிக்கை இல்ல."

நரை விழுந்த இருவரும் நாலு கையையும் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் மின்விசிறியோடு வாசலில் வந்து நின்றான். காயில்காரர் திரும்பாமல் மோவாயால் தரையைக் காட்டினார். அவன் வைத்துவிட்டுப் போனான்.

பொழுது இறங்கும்போது அலகு மறுபடி கொத்தியது. விரிசல் மெல்ல வளைந்து ஒரு சுற்று சுற்றியது. ஓட்டின் தலைப்பகுதி தூக்கிக்கொண்டு, நனைந்த சாம்பல் நிறக் குஞ்சு ஒன்று வெளியே சரிந்து விழுந்து, கீச்சென்றது. தங்கை உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மனைவி இரண்டு டம்ளரில் தேநீர் கொண்டுவந்தாள். "அதான் வந்திருச்சே. கையை விட்டுட்டுக் குடிங்க."

"இன்னும் எட்டு இருக்கு" என்றார் அவர். "விட்டா திறந்துருவோம்."

அவள் இருவரையும் ஒரு முறை பார்த்தாள். ஒரு டம்ளரை மேசையில் வைத்தாள். மற்றதை ஊதி ஆற்றி, முதலில் நாத்தனாரின் வாயருகே கொண்டுபோனாள்.