உறுதிமொழியும் அம்மாவின் கண்ணும்

எங்கள் வீட்டில் சத்தியம் என்பது விளையாட்டுக் காரியம் அல்ல. பொய்ச் சத்தியம் செய்தால் பெற்றவள் கண் அவிந்துவிடும் என்று அத்தை சொல்லிச் சொல்லி, அதை நான் வாய்ப்பாட்டைவிட நன்றாக மனப்பாடம் செய்திருந்தேன். அப்படிப்பட்டவளைத்தான், எங்கள் தீவு பிரிந்து தனி நாடாகி ஓராண்டு ஆன சமயத்தில், பள்ளித் திடலில் நிறுத்தி வலது கையை உயர்த்தச் சொன்னார்கள். இனம், மொழி, மதம் எதையும் பாராமல் ஒரே மக்களாக இருப்போம் என்று தினமும் காலையில் உறுதி சொல்ல வேண்டும்.

எனக்கு அதில் ஒரு சிக்கல் இருந்தது. ஜாலான் புசார் தெருவில் நாங்கள் குடியிருந்த மாடியில், அடுத்த அறைச் சீனப் பெண்ணோடு டூ விட்டிருந்தேன். ரப்பர் கயிறு தாண்டும்போது அவள் அழுகுணி ஆட்டம் ஆடியதுதான் காரணம். ஆக, தினமும் கொடிக்கு முன்னால் நான் சொன்னது பச்சைப் பொய். இரண்டு வாரம் போயிருக்கும், அம்மாவின் கண்கள் சிவந்து வீங்கின. டாக்டர் இரண்டு கண்ணையும் கட்டி, ஒரு வாரம் அடுப்புப் பக்கமே போகக் கூடாது என்றார்.

"எல்லாம் உடம்புச் சூடுலா, சரியாப் போயிடும்" என்று சொல்லிவிட்டு அப்பா தேக்கா சந்தையிலிருந்த காய்கறிக் கடைக்குக் கிளம்பினார். சூடு இல்லை என்பது எனக்கல்லவா தெரியும்!

அழுதுகொண்டே அடுத்த அறைக்குப் போய், இரண்டு விரலை நீட்டிப் பழம் விட்டேன். நான் டூ விட்டிருந்ததே அவளுக்குத் தெரியவில்லை. அவர்களிடம் அந்த வழக்கமே கிடையாதாம். இரண்டு மிட்டாய் கேட்கிறேன் என்று நினைத்து, தன்னிடம் இருந்த மூன்றில் இரண்டை எடுத்துக் கொடுத்தாள். அவளுடைய அம்மா வெளியே வந்து, ஏன் அழுகிறாய் என்று மலாயில் கேட்டார். அம்மாவின் கண்ணையும் அணைந்து கிடந்த எங்கள் அடுப்பையும் பற்றி எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் சொன்னேன்.

மறுநாள் மதியம் அவர் ஒரு பானைச் சோறும் முட்டைக்கோஸ் பொரியலும் கொண்டுவந்து வைத்தார். அந்த வாரம் முழுக்க எங்களுக்குச் சோறு போட்டவர் அவர்தான். இன்றைக்கு நினைத்தாலும் கை கூப்பத் தோன்றுகிறது.

அவர்கள் சட்டியில் பன்றி இறைச்சி வேகும் என்பதால் அம்மா அந்த அறையில் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. முதல் நாள் கண்கட்டோடு பானையைத் தடவிப் பார்த்தாள்.

"யாரு பானைடி இது? எங்கயும் ஒரு நசுங்கல்கூட இல்லையே?"

"புதுசும்மா. பானை, சட்டி, கரண்டி எல்லாமே புதுசு. மூடியில கடைச் சீட்டுகூட ஒட்டியிருக்கு. அவங்க பழசு ஓட்டையாயிருக்கும்."

அம்மா ஒரு வாய் சாப்பிட்டாள். கண்கட்டு நனைந்தது.

"அழாதம்மா, கண்ணு கெட்டுப்போயிடும்" என்று அதட்டினேன். நான்தான் பழம் விட்டுச் சத்தியத்தைச் சரிசெய்துவிட்டேனே, இனி அழுவதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவே இல்லை.