பார்சல் போகட்டும் என்றார்கள்

போலீஸ் வேலை என்றால் ஓடிப்போய்ப் பிடிப்பது என்று என் அக்கா இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். சில வருடங்களாக நான் செய்வது போன் பேசுவது மட்டும்தான். காஞ்சிபுரத்தில் போதைப்பொருள் தடுப்புப் பிரிவில் இன்ஸ்பெக்டர். டெல்லியில் ஒரு மத்திய அலுவலகம், சென்னை விமான நிலையத்தில் சரக்குப் பிரிவு, எங்கள் ஊர்க் காவல் நிலையம். இவர்களுக்கு நடுவில் தகவல் போய்வர ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான். ஒருவர் சொன்னதை அடுத்தவரிடம் சொல்ல வேண்டும். யாரிடம் எதைச் சொல்லக் கூடாது என்பதும் ஞாபகத்தில் இருக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் காது சூடேறிவிடும்.

அந்த வழக்கு ஒரு புடவைப் பெட்டியில் தொடங்கியது. வெளிநாட்டு விமான நிலையம் ஒன்றில், பட்டுப்புடவைக்கு அடியில் வைக்கும் அட்டை கனக்கிறதே என்று பிரித்திருக்கிறார்கள். இரண்டு அட்டைகளை ஒட்டி நடுவில் போதைப் பவுடரைப் பரப்பியிருந்தார்கள். அனுப்பியவர் முகவரி காஞ்சிபுரம். பெயர் ஒரு பெண்ணுடையது.

டெல்லி அதிகாரி போனில் நிதானமாகச் சொன்னார். "இப்போது யாரையும் பிடிக்காதீர்கள். அடுத்த பார்சல் போகட்டும். அங்கே வாங்குகிறவனை அந்த நாட்டுப் போலீஸ் பிடிக்கும் அதே நேரத்தில் இங்கே நாம் பிடிப்போம். அதுவரை பார்த்துக்கொண்டு மட்டும் இருங்கள்."

பார்த்தோம். அந்தப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மாகறல் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, ஒரு சின்னப் புடவைக் கடையில் மடித்துப் பெட்டியில் வைக்கிற வேலை பார்த்தாள். நானே மஃப்டியில் அதே பஸ்ஸில் போயிருக்கிறேன். ஒரு நாள் நான் நிற்பதைப் பார்த்துவிட்டுக் கூடையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "உக்காருங்கம்மா" என்றாள். உட்கார்ந்தேன். வழி முழுக்கத் தூங்கி வழிந்தாள். அவள் தலை அவ்வப்போது என் தோளில் இடித்தது.

பார்சல் அவளுடையது இல்லை என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஏனாத்தூரில் கல்லூரிக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒருவன் கடைக்கு வருவான். அக்கா அக்கா என்பான். வெளிநாட்டில் சொந்தக்காரர்களுக்குப் புடவை அனுப்புவதாகவும், தன் ஆதாரில் வெளியூர் முகவரி இருப்பதால் கூரியரில் தகராறு செய்கிறார்கள் என்றும் சொல்லி, அவள் ஆதாரைக் காட்டி அனுப்ப வைப்பான். ஒட்டிய பெட்டியைக் கொண்டுவந்து கொடுப்பான். அவள் அதைத் தூக்கிக்கொண்டு கூரியர் ஆபீசுக்கு நடப்பாள்.

இதை டெல்லிக்குச் சொன்னேன். அந்தப் பெண்ணை எச்சரித்துவிடலாமா என்றும் கேட்டேன். "அவள் முகம் மாறினால் அவன் ஓடிவிடுவான்" என்றார். அதில் தப்பு ஒன்றும் இல்லை. எனக்கு அவன் மட்டும் போதாது, அவனுக்குப் பின்னால் இருப்பவனும் வேண்டும்.

எங்கள் ஊர்க் காவல் நிலைய இன்ஸ்பெக்டருக்குத்தான் பொறுமை இல்லை. "மேடம், ஆள் கண்ணு முன்னாடி திரிஞ்சிக்கினு இருக்கான். தூக்கிட்டு வந்து ரெண்டு கேள்வி கேட்டா சொல்லிட்டுப் போறான். இதுக்கு எதுக்கு இத்தனை போனு?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பார். அவரைப் பிடித்து வைப்பதே எனக்குப் பாதி வேலையாக இருந்தது.

அடுத்த பார்சல் வரதர் கோயில் கருட சேவைக்கு முந்தின நாள் கிளம்பியது. விமான நிலையத்தில் அதைத் தொடக்கூடாது என்று டெல்லியிலிருந்து சொல்லியாகிவிட்டது. நானும் சரக்குப் பிரிவு அதிகாரியிடம் தனியாகப் பேசி, சரி மேடம் என்ற பதிலைக் கேட்ட பிறகுதான் போனை வைத்தேன்.

மறுநாள் காலை எனக்குக் கோயில் பந்தோபஸ்து. தெருவெல்லாம் தலைகள். அந்தக் கூட்டத்தில் போன் சிக்னல் அறுந்துபோயிருந்தது. வாக்கி டாக்கியில் காணாமல் போன குழந்தைகளைப் பற்றித்தான் பேச்சு. உள்ளூர் இன்ஸ்பெக்டர் ஆட்களை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்து சேர்ந்தார். சட்டை நனைந்திருந்தது.

"மேடம், அந்தப் பொம்பளையை மெட்ராஸ்காரங்க வந்து தூக்கிட்டாங்க. கடையிலிருந்தே. டிவியில ஓடுது."

சரக்குப் பிரிவில் நான் பேசிய அதிகாரி ஷிப்ட் முடிந்து போயிருந்தார். அடுத்து வந்தவருக்குத் தகவல் போகவில்லை. அவர் பெட்டியைச் சந்தேகப்பட்டுப் பிரித்திருக்கிறார். அவர் கடமையை அவர் செய்தார். பெட்டியின் மேலிருந்த பெயரைப் பார்த்து சென்னையிலிருந்து ஒரு குழு எங்களுக்குச் சொல்லாமலே நேராக ஊருக்கு வந்துவிட்டது.

கூட்டத்தைப் பிளந்து வண்டி எடுக்கவே நேரமாகிவிட்டது. ஏனாத்தூர் அறைக்கு நாங்கள் போனபோது கதவு திறந்தே கிடந்தது. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து காய்ந்திருந்தது. உள்ளூர் இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு வீடியோவில் ஒரு கூட்டம் நடந்தது. ஒவ்வொருவரும் தங்கள் பக்கம் சரியாக நடந்தது என்று விளக்கினார்கள். நானும் விளக்கினேன். எல்லோரும் சொன்னது உண்மைதான். அதைக் கேட்கக் கேட்க எனக்குக் கண் சொருகியது. அந்தப் பெண்ணைப் பற்றி நான் பேச்செடுத்தபோது, அது இனி சென்னை வழக்கு, அங்கே பார்த்துக்கொள்வார்கள் என்று முடித்துவிட்டார்கள்.

போதைப்பொருள் வழக்கு என்றால் ஜாமீன் சுலபத்தில் கிடைக்காது. அவள் சிறையில் இருந்தாள். அவளைப் பல நாள் பின்தொடர்ந்து பார்த்தது நாங்கள் மட்டும்தான். ஒட்டிய பெட்டியை அவள் ஒரு தடவைகூடப் பிரித்ததில்லை என்று சொல்ல வேறு ஆள் கிடையாது. சாட்சி சொல்ல அனுமதி கேட்டேன். "அவங்க கேஸ்ல நீங்க எதுக்கும்மா நுழையறீங்க?" என்றார் என் மேலதிகாரி. கோபமாகச் சொல்லவில்லை, என்னைவிடக் களைத்துப்போய்ச் சொன்னார். மறுபடி கேட்டேன். பல மாதம் கேட்டேன். கடைசியில், போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள் என்று விட்டுவிட்டார்.

நீதிமன்றத்தில் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். வராந்தாவில் பெண் காவலர்களுக்கு நடுவில் அவள் உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"பஸ்ல என் பக்கத்துல உக்காந்தவங்கதானே நீங்க?"

"ஆமாம்மா."

"தெனமும் பாத்துக்கினு இருந்தீங்களாமே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா அவன் தப்பிச்சிருப்பான்."

"இப்பவும் அவன் தப்பிச்சுட்டான் இல்ல?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டாள். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

அவளை விட்டுவிட்டார்கள். பழைய கடையில் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. வாலாஜாபாத் பக்கம் ஒரு கம்பெனி கேண்டீனில் காய் நறுக்குகிறாள் என்று கேள்விப்பட்டேன். அவனுடைய போன் ஒரு முறை வடகிழக்கு எல்லையோரம் உயிர் பெற்று உடனே அணைந்ததாம். வெளிநாட்டில் வாங்குகிறவன் யார் என்று யாருக்கும் தெரியவில்லை.

போன வாரம் டெல்லியில் அந்த அதிகாரி மாற்றலாகிவிட்டார். புதிதாக வந்தவர் போன் செய்தார். இளம் குரல், நல்ல உற்சாகம். கோப்பைப் படிக்க இன்னும் நேரம் கிடைக்கவில்லை, முதலிலிருந்து சொல்லுங்கள் என்றார். நாற்காலியை ஃபேனுக்கு அடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பித்தேன்.