வேலம்மாளின் ஜூலை பதினாலு

பாகூர்ப் பக்கம் கூலி நடவுக்குப் போகிற வேலம்மாளுக்கு வருஷத்தில் ஒரே ஒரு தேதிதான் தெரியும். ஜூலை பதினாலு. அப்போது எங்கள் ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களுக்கு அது கொண்டாட்ட நாள். காலையில் மேரி என்கிற நகராட்சிக் கட்டடத்தில் கொடி ஏற்றி, வாசலில் அதிர்வேட்டு போடுவார்கள். பிறகு வழுக்குமரம், சாக்கு ஓட்டம், பிள்ளைகளுக்கு மிட்டாய். 1926இல் அந்த வேட்டுச் சத்தத்துக்கு நடுவில்தான் அவள் புருஷன் இருசப்பன் காய்ச்சலில் கண்ணை மூடினான்.

எங்கள் பக்கத்தில் சாவென்றால் வேட்டு போட வேண்டும். போடாமல் எடுத்தால் அநாதைப் பிணம் என்று வாய் கூசாமல் சொல்வார்கள். வேலம்மாளுக்கோ அன்று கஞ்சிக்கே வழியில்லை. "அதான் சர்க்காரே போட்டுட்டாங்களே, எடுங்க" என்றாள். சொன்னதோடு அதை நம்பவும் செய்தாள். அதுமுதல் ஒவ்வொரு வருஷமும் மேரி வேட்டு கேட்டதும் கற்பூரம் ஏற்றிப் படையல் போடுவாள்.

கொழுந்தன் மணவாளனுக்கு இது பிடிக்கவே இல்லை. "அண்ணன் செத்தது ஆனி வளர்பிறை பஞ்சமி. வெள்ளக்காரன் தேதியில சோறு போட்டா எப்பிடி அண்ணி போய்ச் சேரும்? பட்டினியாத்தான் கெடக்கும் அண்ணன்" என்று வருஷம் தவறாமல் வந்து சண்டை போடுவான். சண்டை போட்ட வாயாலேயே படையல் சோற்றையும் ஒரு கை பார்த்துவிட்டுப் போவான். எங்கள் தெருவுக்கு அது இன்னொரு திருவிழா.

"அவருக்குப் பஞ்சமி தெரியாது தம்பி. வேட்டு கேட்டா வந்துடுவாரு" என்பாள் வேலம்மாள்.

1940இல் பிரான்ஸ் ஜெர்மன்காரனிடம் விழுந்துவிட்டது. இந்த வருஷம் ஜூலை பதினாலு துக்க நாள், வேட்டு கிடையாது என்று எங்கள் ஊரில் தண்டோரா போட்டார்கள். அதைக் கேட்ட பிறகும் அவள் புருஷனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தாள், இலை போட்டாள். வெயில் ஏறியது. கற்பூரத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள்.

"சோறு ஆறிப்போச்சு, ஏத்து அண்ணி" என்று மணவாளனே சொல்லிப் பார்த்தான்.

"சத்தம் இல்லாம எப்பிடி வருவாரு? இந்த வருசம் பட்டினிதான்" என்றாள். பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கே பொறுக்கவில்லை.

மணவாளன் எழுந்து போனான். மாரியம்மன் கோயில் பூசாரியிடம் கெஞ்சி வேட்டுக் குழாயை வாங்கி வந்தான். மருந்து கெட்டித்து, வீட்டெதிரே இருந்த களத்தில் நட்டு, திரியைக் கொளுத்தினான். தெருவே அதிர்ந்தது. உள்ளே வேலம்மாள் அவசர அவசரமாகக் கற்பூரத்தை ஏற்றினாள்.

சத்தம் கேட்டுச் சிப்பாய் ஒருவர் ஓடி வந்தார். "துக்க நாள்ல இன்னாய்யா கொண்டாட்டம்? உள்ள போவணுமா?"

"கொண்டாட்டம் இல்லீங்க. எழவு. எங்க அண்ணன்."

சிப்பாய் தொப்பியைக் கழற்றினார். "எப்ப?"

மணவாளன் வாசலில் வந்து நின்ற அண்ணியைப் பார்த்தான். இத்தனை வருஷமாகப் பஞ்சமி பஞ்சமி என்று தொண்டை கிழியக் கத்தியவன் அவன்.

"இன்னிக்கித்தாங்க" என்றான். சொன்னவன் அப்படியே களத்து மண்ணில் உட்கார்ந்து, அண்ணன் இப்போதுதான் செத்தது மாதிரி அழுதான்.