மொட்டைமாடி மண்ணுக்கு ஜுரம்

நடந்தது இதுதான்:

1. சித்திரை வெயிலில், செஞ்சியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், சிமெண்ட் சாக்குகளில் மண் நிரப்பிக் கொத்தமல்லி விதைத்தேன்.
2. முளைக்கவில்லை. மீண்டும் விதைத்தேன். மீண்டும் முளைக்கவில்லை.
3. மண்ணின் சூட்டை அளக்க, காய்ச்சலுக்கு வைக்கும் தெர்மாமீட்டரை அதில் செருகினேன்.
4. அம்மா பார்த்துவிட்டார்.

"இன்னாடி, மண்ணுக்கு ஜுரமா? மாத்திரை குடுத்தியா?"

அம்மாவுக்கு வடகம் காயவைக்க மாடி வேண்டும். மூன்றாவது தடவையும் முளைக்காவிட்டால் சாக்குகள் தெருவுக்குப் போகும் என்று சொல்லியிருந்தார். நான் பொறியியல் படித்தவள். அளக்காமல் தோற்க மனமில்லை. மண்ணுக்கென்றே உள்ள தெர்மாமீட்டரை வாங்கி வந்தேன். மதியம் நாற்பத்திரண்டு டிகிரி காட்டியது. மண் முப்பதைத் தாண்டினாலே கொத்தமல்லி சரியாக முளைக்காது. எதிரே இருக்கும் கோட்டை மலைப் பாறை போலவே எங்கள் தளமும் பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரியில் திருப்பித் தந்தது.

நைனா எட்டிப் பார்த்தார். "உங்கம்மா வடகத்துக்கு இதான் சரியான சூடு."

"அப்ப விதை அவிஞ்சிபோச்சின்னு சொல்லு," என்றார் அம்மா. "அரைச்சிருந்தா சட்டினியாவது கெடைச்சிருக்கும்."

சாக்குகளை நானே இறக்கிக் கிணற்றடி வேப்பமர நிழலில் வைத்தேன். அங்கே மண் முப்பதுக்குள் நின்றதும் மறுபடி விதைத்தேன்.

இப்போதைய நிலவரம்: கீழே கொத்தமல்லி முளைத்துவிட்டது. மாடி முழுக்க வடகம். புது தெர்மாமீட்டர் அம்மாவிடம் இருக்கிறது. தளத்தின் சூடு பார்த்துத்தான் வடகம் பிழிகிறார். பழையதை நன்றாகக் கழுவியும், நைனா வாயில் வைக்க மறுக்கிறார்.