தோற்ற அணிக்கு ஓர் அர்ச்சனை

காலை லண்டனில் ஆர்ச்வே போகும் பஸ்ஸில், ஒரு பழைய அமெரிக்கன் ஃபுட்பால் சீசனின் இறுதிப்போட்டியைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். என் நீலச்சட்டை அணி கடைசி நிமிடத்தில் தோற்ற போட்டி. எத்தனை தடவை பார்த்தும் மனம் ஆறவில்லை.

பக்கத்து இருக்கை ஐயா அதை நேரலை என்று நினைத்துவிட்டார்.

"எங்கட ஆக்கள் ஆர் தம்பி?"

"நீலம்."

"வெல்லுவினமோ?"

"தெரியேல்லை ஐயா."

ஏன் அப்படிச் சொன்னேன்?

"நான் முருகன் கோயிலுக்குத்தான் போறன். ஒரு அர்ச்சனை செய்துவிடுறன். அவையின்ர நட்சத்திரம் என்ன?"

அணியின் நட்சத்திரத்துக்கு எங்கே போவது? என்னுடையதைச் சொன்னேன்.

"பூரட்டாதி."

அவர் இறங்கிப் போனதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அர்ச்சனை இந்நேரம் முடிந்திருக்கும். அந்தப் போட்டியை மறுபடி முதலிலிருந்து போடப்போகிறேன். என்னோடு இருந்து பார்க்க யார் வருகிறீர்கள்?